அடுத்த கேள்வி

தில்லிக் கல்லூரி வாசலில் காத்திருந்த பட்டாபி, மகளைப் பார்த்ததும் ஓடினார்.

"முடியற வரைக்கும் உக்காந்திருந்தியா ஸ்ம்ருதி? போன செமஸ்டர் மாதிரி பாதியில எழுந்து வந்துடுவியோன்னு பயந்துண்டே நின்னேன்."

"முதல் கேள்விக்கே பதில் வரலைப்பா. எனக்கு எழுந்து வந்துடலாம்னு தோணித்து. அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனோம். கடைசியில திரும்பி வந்தப்போ வந்துடுத்து."

"அச்சா, இது யார் யோசனை?"

ஸ்ம்ருதி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோலால் தரையைத் தட்டியபடி ஹரிஷங்கர் வந்தான்.

"தேங்க்ஸ் ஸ்ம்ருதி. நான் சொன்னதுல ஒரு வரிகூட நீ விடலே."

அன்றைய பரீட்சை பார்வையற்ற அவனுடையது. அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கத்தான் அவள் போயிருந்தாள்.

"நாளைக்கு உன்னோட அரியர் பேப்பர்..." பட்டாபி இழுத்தார்.

"எழுதறேன். நீங்க வாசல்ல நிக்க வேண்டாம்பா."