மணிக்கூண்டுக் காவல்காரர்

பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தோளைத் தொட்டு, "தாங்க முடியல இல்ல, சார்?" என்றார்.

தாங்க முடியவில்லைதான். இறந்தவரை நினைத்து அல்ல, வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து. நூலக மண்டபத்தில் இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். பேராசிரியர் புத்தகம் வெளியிட்ட அன்று, இதே மண்டபத்து மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்குத்தான் காற்று வீசின.

இவர் இந்த ஊர் வரலாற்றைத் தடித் தடியாக மூன்று புத்தகம் எழுதியவர். இறந்தவரோ தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பழங்கதை சொன்னவர். ஆனாலும் ஊருக்கு அவர்தான் 'கதைக்கார அண்ணன்'.

ஊரை விடுங்கள். பெற்ற மகனிடமே வாய் திறக்காத பேராசிரியரின் அப்பா, அண்ணன் வந்துவிட்டால் மட்டும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் பேசுவார். மகன் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த எரிச்சல் மட்டும் போகவில்லை.

மேடையில் ஒரு பெண் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். "பெருவெள்ளத்தன்னிக்கு மணிக்கூண்டுக் காவல்காரர் விடிய விடிய மணி அடிச்சார். மழைச் சத்தத்துல அது கீழ்த்தெருவுக்குக் கேக்காமப் போச்சு. அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் அழுதிருக்கேன்."

மண்டபமே மூக்கை உறிஞ்சியது. பேராசிரியர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பேராசிரியர் தொட்டிலில் கிடந்த காலத்து வெள்ளம் அது. அன்று மணிக்கூண்டை ஒட்டிய வீட்டில் இருந்த அம்மாளைப் போன மாதம்தான் தேடிப் பிடித்திருந்தார். "மணியா? ஒரு தடவைகூட அடிக்கலையே! அன்னிக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் காவலுக்கு வந்த ஆளு நல்லாத் தூங்கிட்டான். பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றிருந்தார் அந்த அம்மாள்.

அடுத்துப் பேச வேண்டியவர் இவர்தான். அண்ணன் கட்டிய கோட்டையை அண்ணன் படத்துக்கு முன்னாலேயே இடிக்கப்போகிறார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தவரை, மேடைப் படிக்கருகே அண்ணனின் மனைவி மறித்தார்.

"மணிக்கூண்டைப் பத்தியா பேசப் போறீங்க, தம்பி? நீங்க வந்து விசாரிச்சுட்டுப் போனதா அந்தம்மா சொன்னாங்க."

"ஆமா அண்ணி. அந்த மணி அடிக்கவே இல்ல."

அண்ணி அதிரவில்லை. "அது அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சேவா இத்தனை வருஷம் ஊரை ஏமாத்தினார்?" பேராசிரியருக்குக் குஷி தலைக்கேறியது. "கீழ்த்தெருவுல அத்தனை உசுரு போச்சு. தூங்கினவனைப் போய் பெரிய தியாகி ஆக்கியிருக்கார்! அந்த ஆள் யாருன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? அவர் சொல்லலன்னா நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

"அடுத்து, நம் பேராசிரியர் அவர்கள்..." ஒலிபெருக்கி அழைத்தது. முதல் படியில் கால் வைத்துவிட்டவரின் கையை அண்ணி இறுக்கிப் பிடித்தார். யாரும் கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அப்பாதான், தம்பி."