கோணல் தையல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கண்காட்சிக் கொட்டகையில், பிள்ளைகள் தாமே தைத்த உடுப்புகளுக்குப் போட்டி. டெலியாவின் செர்ரிப்பழம் அச்சிட்ட பருத்தி பிளவுஸை நடுவர் உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. பிளவுஸின் இடது கையை இணைத்த தையல் கோணல்மாணலாக ஓடுகிறது; வலது கையை இணைத்த தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. பெஞ்சிலிருக்கும் டெலியாவின் அம்மா நோரீனுக்கு முகம் சுடுகிறது. மகள் நீச்சலுக்குப் போயிருந்தபோது அந்த வலது கையைப் பிரித்து மறுபடி தைத்தவள் அவள்தான். மற்றதைத் தொடுமுன் பிள்ளை வந்துவிட்டாள். "இந்தக் கை எவ்ளோ அழகா வந்திருக்கு! நீயே தெச்சியா கண்ணு?" என்று நடுவர் வலது கையைக் காட்டிக் கேட்கிறார். டெலியா அந்த நேரான தையலைக் குனிந்து பார்க்கிறாள்; அது அவள் போட்டதல்ல. பிறகு திரும்பி அம்மாவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. "ஆமாங்க, நானேதான்," என்கிறாள். அவள் உள்ளங்கை மெல்ல நகர்ந்து, தான் தைத்த கோணல் தையலை மூடிக்கொள்கிறது.