புள்ளிக்கோழியின் அரிப்பு

புள்ளிக்கோழிக்கு இறக்கைக்கடியில் ஓயாமல் அரித்தது. வெளியே சொல்ல வெட்கம். "ஏண்டி சொறிஞ்சுக்கிட்டே இருக்கே?" என்று செவலைக்கோழி கேட்கும்போதெல்லாம், "இறகு உதிர்ற நேரம்க்கா" என்று சமாளித்தது. அரிப்பில் இரை இறங்கவில்லை, முட்டையிடுவதும் நின்றுபோனது.

வளர்த்த அன்னக்கொடிக்குச் சந்தேகம் வந்தது. கோழியைப் பிடித்து மடியில் கவிழ்த்து, வால் பக்கத்து இறகுகளை ஊதி விலக்கிப் பார்த்தாள். "அடியாத்தீ! பேனு ஒரு ஊரே குடியிருக்கே!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். கொல்லையிலிருந்த கோழிகளெல்லாம் விலகி ஓடின. "எங்க வம்சத்திலேயே இப்படிக் கிடையாது," என்றது செவலை, ஒற்றைக்காலில் நின்று மறுகாலால் கழுத்தைச் சொறிந்தபடி. புள்ளிக்கு அவமானம் தாங்கவில்லை.

அன்னக்கொடி சாம்பலில் வேப்பிலைப் பொடியைக் கலந்து, இறகின் வேர்வரை தேய்த்துவிட்டாள். மீதியை மரத்தடியில் கொட்டிவிட்டுப் போனாள். புள்ளி அந்தக் குவியலிலேயே புரண்டது. அரிப்பு மெல்ல அடங்க, சுகத்தில் கண் செருகியது.

கண் திறந்தபோது எதிரே செவலை நின்றுகொண்டிருந்தது. "பேனுக்காக இல்லடி... சாம்பல் உடம்புக்குக் குளிர்ச்சின்னு சொல்றாங்களே, அதான்," என்று இழுத்தது. அதன் பின்னால் மற்ற கோழிகளும் எங்கோ பார்த்தபடி வரிசையாக நின்றன.

புள்ளிக்கு நறுக்கென்று ஒரு பதில் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நகர்ந்து இடம் விட்டது.

"வாக்கா, வா. நானும் குளிர்ச்சிக்குத்தான் படுத்திருக்கேன்."