கணேசமூர்த்தி திருத்தியது

கணேசமூர்த்தி சார் செத்து மூணு வாரம் ஆகுது. இன்னிக்குக் காலையில அவர் தன்னோட பாடத்தைத் திருத்தியிருக்கார்.

நான் அதைப் பார்த்தது வகுப்புல, அத்தனை பிள்ளைங்க முன்னாடி. அவர் போனதும் அந்தப் பாடத்தை என் தலையில கட்டிட்டாங்க. புரொஜெக்டர்ல திறந்தா, ஓரத்துல 'கடைசியாகத் திருத்தியவர்: கணேசமூர்த்தி'ன்னு இருக்கு. பக்கத்துல இன்னிக்குத் தேதி.

பொம்மனஹள்ளி ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கற வரிசையை வச்சு ஒரு கணக்கு போட்டிருப்பார். நேத்து வீட்டுல பார்த்தப்ப இருந்த விடை இப்ப இல்லை. வேற விடை. கூடவே ரெண்டு வரி விளக்கம், அவர் பேசற மாதிரியே. 'புரியலைன்னா வெட்கப்படாம கேளு.'



பிள்ளைங்க எல்லாரும் திரும்பி வித்யாலட்சுமியைப் பார்த்தாங்க. சாரோட பொண்ணு. அதே வகுப்புலதான் படிக்கிறா. அவ பதறவே இல்லை.

"அப்பா அப்பப்ப திருத்துறாரு மேம். நான் தினமும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கீழே விழாத பேனாவைக் குனிஞ்சு தேடற சாக்குல ஒரு ஜெபம் சொல்லிக்கிட்டேன். ஆஸ்டின் டவுன்ல, கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவ நான், பேய்க்கதை எனக்குப் புதுசில்லை. ஆனா சிலபஸ் பார்த்து வர்ற பேயை இப்பத்தான் பார்க்கிறேன்.

எங்க காலேஜ் வழக்கத்தைச் சொல்லிடறேன். எல்லா வாத்தியாரும் அவங்கவங்க பாடத்தை ஆன்லைன்ல ஒரே இடத்துல போட்டு வைக்கணும். யார் வேணா எடுத்து நடத்தலாம், யார் வேணா திருத்தலாம். எழுதினவரே திருத்தினா தேதி மட்டும் மாறும். அடுத்தவங்க திருத்தினா சிவப்பு எழுத்துல விழும்: 'பிழை செய்தவர் இன்னார், திருத்தியவர் இன்னார்.' பிள்ளைங்க கண்ணுலயும் படும்.

அந்தச் சிவப்பு வரியில முக்கால்வாசி ஒரே பேர்தான், சீனியர் வாத்தியார் வெங்கடகிருஷ்ணன். ஒரு கமா விட்டுப்போனாலும் மனுஷன் விடமாட்டார். என் பாடம் ஒண்ணுல அவர் போட்ட சிவப்பைப் பார்த்துட்டுப் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். நல்லா இருக்கட்டும்.

மத்தியானத்துக்குள்ள விஷயம் காலேஜ் முழுக்கப் பரவிடுச்சு. பிள்ளைங்க ஆர்குட்லயும் போட்டுட்டாங்க. அட்டெண்டர் கோவிந்தப்பா ஒரு எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவி, சார் உபயோகிச்ச கம்ப்யூட்டர் மேல வச்சிட்டு வந்தார்.

"தெவ்வா மேடம், தெவ்வா," என்றார். கன்னடத்துல பேய்.

பிரின்சிபால் சீனிவாசராகவன் என்னையும் கிளாரன்ஸையும் கூப்பிட்டு அனுப்பினார். கிளாரன்ஸ்தான் சர்வரைப் பார்த்துக்கறவன். ஹெப்பகோடியில வாடகை வீடு, பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்.

"எல்லார் பாஸ்வேர்டும் உன் கையிலதான் இருக்கு. செத்தவர் பேர்ல விளையாடறியா?"

"சத்தியமா நான் இல்லை சார்."

"அப்ப அவர் அக்கவுண்டை ஏன் இன்னும் மூடலை?"

"மூடினா அவர் போட்ட பாடமெல்லாம் கூடவே போயிடும் சார்."

அப்பதான் நான் மேஜை மேல அந்தப் பாடம் திறந்திருந்த ஸ்கிரீனைப் பார்த்தேன். எங்க கண்ணு முன்னாடியே அந்தத் தேதிக்குப் பக்கத்துல இருந்த நேரம் மாறிச்சு. இப்ப, இந்த நிமிஷம், கணேசமூர்த்தி இன்னொரு இடத்தைத் திருத்தியிருக்கார். கிளாரன்ஸ் கை ரெண்டையும் கட்டிக்கிட்டு என் பக்கத்துலதான் நிக்கறான்.

டீ கொண்டுவந்த கோவிந்தப்பா தட்டை அப்படியே வச்சிட்டு சுவர் ஓரமா ஒதுங்கினார்.

பிரின்சிபால் கிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "தானா நடக்கற மாதிரி ஏதோ செட் பண்ணி வச்சிருக்கே நீ. அந்தப் பாடம் மொத்தத்தையும் இப்பவே அழி. நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

கோவிந்தப்பா விட்டா போதும்னு வெளியே ஓடினார். கிளாரன்ஸ் மௌஸைப் பிடிச்சான். 'நிச்சயமாக அழிக்கவா?'ன்னு ஸ்கிரீன் கேட்டுது.

கதவு திறந்தது. மூச்சு வாங்க வந்து நின்னவர் வெங்கடகிருஷ்ணன்.

"கிளாரன்ஸ், கையை எடு. கோவிந்தப்பா இப்பத்தான் சொன்னான். சார், இவனுக்கு ஒண்ணும் தெரியாது. திருத்தறது நான்தான்."

எனக்கு அடக்க முடியலை. "செத்த மனுஷனைக்கூட நீங்க விடமாட்டீங்களா சார்?"

"பாஸ்வேர்டை அவனேதான் குடுத்தான்மா. ஆஸ்பத்திரியில."

"திருத்தறதுன்னா எப்பவும் போல உங்க பேர்லயே திருத்த வேண்டியதுதானே," என்றார் பிரின்சிபால். "எதுக்கு இந்தப் பேய் வேஷம்? ஒருத்தன் வேலையே போக இருந்தது."

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழட்டினார். ஆனா துடைக்கலை. கையிலேயே வச்சிருந்தார்.

"உங்க பாடத்தை என் பேர்ல திருத்தினா, நீங்க வந்து என் சட்டையைப் பிடிக்கலாம். அவனால வர முடியாது சார். உடம்பு முடியாம படுக்கையில எழுதின பாடம், பக்கத்துக்குப் பக்கம் தப்பு. ஒவ்வொண்ணுக்கும் 'பிழை செய்தவர் கணேசமூர்த்தி'ன்னு சிவப்புல விழுந்தா, அதை வகுப்புல உட்கார்ந்து படிக்கப்போறது அவன் பொண்ணு."