இங்கே மரம் யாரும் இல்லை

காடு நாட்டுக்கு எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது, மரத்தொழில் எவ்வளவு தருகிறது என்று கணக்கெடுக்கும் ஆபீஸ் அது. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். பாதியில் நின்ற கணக்கை மேசைமேல் இருந்த பென்சில் தானே எழுத ஆரம்பித்தது.

"தம்பி, என்னை எதுலடா எழுதுறே?" என்று கேட்டது நாற்காலி.

"காட்டுக் கணக்குல அண்ணே. நீங்க தேக்குமரம்தானே?"

நாற்காலிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைப் பார்த்து மரம்ங்கிறே? நான் ஃபர்னிச்சர்! தொழில் கணக்குல எழுது."

"அப்ப நான் மட்டும் மரமா? நான் ஸ்டேஷனரி," என்று பென்சில் தன்னையும் தொழிலில் சேர்த்துக்கொண்டது. உடனே மேசை, கதவு, காகிதம் எல்லாமே "நானும் தொழில்தான்" என்று கத்தின. கடைசியில் காட்டுக்கு எழுத எதுவும் மிஞ்சவில்லை. பென்சில் அங்கே அழகாக ஒரு சைபர் போட்டது.

அப்போது தரை வெடிப்பிலிருந்து ஒரு கறையான் தலையை நீட்டியது.

"இங்கே மரம் யாராவது இருக்கீங்களா?" என்று பணிவாகக் கேட்டது.

"யாரும் இல்லை!" என்றன எல்லாம், ஒரே குரலில்.

"பரவாயில்லைங்க, நான் கடிச்சுப் பார்த்தே தெரிஞ்சுக்குவேன்," என்று கறையான் நாற்காலிக் காலில் ஏறியது. பின்னாலேயே அதன் சொந்தபந்தம் மொத்தமும் வந்தது.

"ஐயோ அண்ணே, மரம் மாதிரி நிக்கிறீங்களே, ஓடுங்க!" என்று பென்சில் அலறியது.

"மரம்தானேடா நான்! எப்படி ஓடுறது?" என்றது நாற்காலி.