மிதிச்சு எடு

விபத்தில் நொறுங்கிய காரின் இன்ஜினை வேறொரு காரில் ஏற்றியதிலிருந்து மெக்கானிக் சூசைக்கு ரோதனைதான். சாவியைத் திருகினால் இருமும், பிடிக்காது; பிடித்தாலும் நிலைக்காது. பிளக், பம்ப் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில், கொஞ்சமும் கூசாமல், அந்த விபத்தில் செத்தவனின் அப்பா குருநாதனையே வரவழைத்துவிட்டான். "உங்க பையன் எப்படி சார் ஸ்டார்ட் பண்ணுவாப்ல?"

குருநாதன் சீட்டில் உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தபடி சாவியைத் திருகினார். உடனே பிடித்தது. "ஒர்க்‌ஷாப்ல விடணும்னு கேட்டான். மிதிச்சு எடுடா போதும்னு நான்தான் பழக்கிவிட்டேன்."

சூசைக்குப் பிடிபட்டுவிட்டது. காற்று போகும் வால்வைக் கழற்றினான், கரி அப்பியிருந்தது. "இது அடைச்சா, ஓடும்போதே ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் பட்டுனு ஆஃப் ஆயிரும் சார்."

"கார் நடுரோட்டுல நின்னுருச்சுன்னு இடிச்ச லாரிக்காரனும் சொன்னான். நான்தான் நம்பல."

சூசை காதில் வாங்கவில்லை. கரியைத் துடைத்து மாட்டினான். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. "இப்ப மிதிக்காம எடுங்க."

சாவியைத் தொட்டதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, இவ்ளோதான் விஷயம்" என்றான் சூசை.

குருநாதனின் கால் ஆக்ஸிலேட்டருக்கு மேலே, வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல், அந்தரத்தில் நின்றது.