விலைக்கு வந்த அருவி

“இன்னும் ரெண்டடி பின்னால போங்கய்யா. அருவியும் சேந்து படத்துல விழட்டும்” என்றாள் ஜெயராணி.

ராஜாமணி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பாசி பிடித்த பாறையின் விளிம்புக்கே போய்விட்டார். கீழே இருபதடி பள்ளம். லேசாகத் தொட்டால் போதும், ஆள் காலி.

தொட்டால்தான் என்ன என்று அவளுக்குக் கை பரபரத்தது. கடலூர் கேப்பர் மலையில் மழைக்காலத்தில் மட்டும் விழுகிற இதே அருவிக்கு, பன்னிரண்டு வயதில் அம்மாவோடு குளிக்க வந்திருக்கிறாள். ‘ஒங்க தெரு சனத்துக்கு எங்க பட்டா எடத்துல என்னாடி குளியல்’ என்று தடியை ஓங்கி விரட்டியவர் இந்த மனிதர்தான். ஓடும்போது வழுக்கி விழுந்து கால் ஒடிந்த அம்மா, சாகிறவரை நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இருபது வருஷமாக அடங்கவில்லை.

அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. மனை வாங்க வந்த மெட்ராஸ் பார்ட்டி என்றே நினைத்திருந்தார். சரிவை இருபது மனையாகப் பிரித்து, அருவியைக் காட்டியே விலையை இரண்டு மடங்கு ஏற்றியிருந்தார். அவளோடு வந்த தேவசகாயம் நாடாவைப் பிடித்துத் தண்ணீர் ஓடும் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

“நேத்து பேஞ்ச மழைத்தண்ணியாட்டம் இருக்கு. நாலு நாள்ல நின்னுடும்போல” என்று உதட்டைப் பிதுக்கினாள்.

ராஜாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னா மேடம் இப்படி சொல்லிட்டீங்க? எங்க தாத்தா காலத்துலேர்ந்து மழக்காலம் பூரா இந்த ஓடை ஓடுது. கீழ இருக்கற ஊர் ஏரியே இதுலதான் ரொம்புது. எழுதியே தர்றேன்.”

தேவசகாயம் தாளை நீட்டினார். ராஜாமணி அதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எழுதும்போது கால் வழுக்கித் தடுமாறியவரை, ஜெயராணியே பாய்ந்து கையைப் பிடித்து மேலே இழுத்து நிறுத்தினாள். அவர் விழுந்து சாவதில் அவளுக்கு இப்போது கொஞ்சமும் விருப்பமில்லை.

தாளை வாங்கிப் படித்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்:

“தாசில்தார் நானே நேர்ல வந்து பாத்தேன்னு எழுதிக்குங்க தேவசகாயம், இது ஓடைப் புறம்போக்கு.”